மலைக்காட்டில் பாதி புல்தான்

நீலகிரியின் உச்சிப் பகுதிகளில் டிசம்பரோடு மழை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதமும் வானம் வெளிறிக் கிடக்கும். உருகி வருவதற்கு இங்கே பனிமலையும் கிடையாது. ஆனாலும் இங்கிருந்து இறங்கும் பவானி ஆற்றில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அது பில்லூரில் தேங்கிக் கோவை மக்களுக்குக் குடிநீராகிறது. பவானிசாகரில் தேங்கி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுப்பதும் இந்த மலைத் தண்ணீரில்தான். மழையே பெய்யாத மாதங்களில் ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

போன மழைக்காலத்திலிருந்து வருகிறது. ஜூனில் தொடங்கிப் பெய்த மழையை மலை அப்போதே கீழே விட்டுவிடுவதில்லை. மண்ணுக்குள் இறக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசிய விடுகிறது. அந்த வேலையைச் செய்பவை மூன்று: மலை மடிப்புகளில் ஒதுங்கியிருக்கும் சோலைக்காடு, சரிவுகளில் விரிந்திருக்கும் புல்வெளி, இரண்டுக்கும் கீழே தாழ்வில் கிடக்கும் சதுப்பு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மலைக்காடு. மரம் நிற்கிற இடம் மட்டுமே காடு என்று நினைத்ததால் வந்த இழப்புகளைத்தான் கடந்த 200 ஆண்டுகளாகச் சுமக்கிறோம். எனவே இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், இவற்றை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

சோலை எப்படிப்பட்ட காடு?

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேலே ஏறினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு வேறொரு தோற்றத்துக்கு மாறிவிடும். கீழே மழைக்காட்டில் முப்பது, நாற்பது மீட்டர் ஓங்கி நிற்கும் மரங்கள் கிடையாது. இங்கே பெரும்பாலான மரங்கள் பத்து, பதினைந்து மீட்டரோடு நின்றுவிடும். காற்றும் குளிரும் அவற்றை அதற்கு மேல் ஏற விடுவதில்லை. கிளைகள் முறுகியிருக்கும். இலைகள் சிறுத்து, தடித்திருக்கும். நாவல் இனத்து மரங்கள், காட்டுச் செண்பகம், உருத்திராட்ச இனத்து மரங்கள் எனப் பல வகை நெருங்கி நிற்கும். தளிர்விடும் பருவத்தில் சோலையின் மேற்பரப்பு செம்பு நிறமாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். ஓரத்தில் சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசும், தவிட்டுப் பழப் புதரும் இருக்கும்.

மரத்தண்டு எதுவும் வெறுமையாக இருக்காது. பாசி, கற்பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். இவை தண்டை அலங்கரிப்பதோடு நிற்பவை அல்ல. மழை இல்லாத நாளிலும் மேகம் சோலைக்குள் புகுந்து கடந்துபோகும். அந்த மேகத்தின் ஈரத்தை இலையும் பாசியும் பிடித்து, துளித்துளியாகத் தரைக்கு இறக்கும். மழைமானியில் பதிவாகாத தண்ணீர் இது.

சோலைக்குள் குனிந்து தரையில் கையை வைத்துப் பாருங்கள். மேலே அண்மையில் உதிர்ந்த இலை இருக்கும். அதை விலக்கினால் நரம்பு மட்டும் மிஞ்சிய பழைய இலை. அதற்கும் கீழே இலையா மண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத கறுப்பு மட்கு. அந்த மட்கை நூல் போன்ற வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும். விரலை அழுத்தினால் தடையின்றி உள்ளே போகும். குளிரில் இலை மெதுவாகத்தான் மட்கும் என்பதால் இந்த அடுக்கு இவ்வளவு தடித்திருக்கிறது. எவ்வளவு கனத்த மழையும் முதலில் மர உச்சியில் வேகம் இழந்து, பிறகு இந்த மட்கில் விழுகிறது. அதனால் அது ஓடுவதைவிட உள்ளே இறங்குவதுதான் அதிகம்.

சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. அவற்றின் பழங்களை நீலகிரி காட்டுப்புறாவும் கருமந்தியும் மற்ற உயிர்களும் தின்று விதையைப் பரப்புகின்றன. முளைத்த நாற்றுக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், உறைபனியிலிருந்து மறைப்பு வேண்டும். இந்த மூன்றும் இயல்பாகக் கிடைப்பது தாய்ச்சோலைக்கு அடியில்தான். அதனால் வெட்டி அழித்த சோலை தானாக எழுந்து வருவது அரிது.

புல்வெளி காலி நிலம் அல்ல

சோலையின் விளிம்பில் நின்றால் ஓர் அடி இந்தப் பக்கம் இருட்டு, ஓர் அடி அந்தப் பக்கம் வெட்டவெளி. மரம் படிப்படியாகக் குறைந்து புல் தொடங்குவதில்லை. கோடு கிழித்தாற்போல் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும். இந்தக் கோட்டை வரைவதில் பெரும்பங்கு உறைபனிக்கு உண்டு.

டிசம்பர், ஜனவரியில் மேகமற்ற இரவுகளில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. விடியும்போது தரை வெள்ளையாக உறைந்து கிடக்கும். அங்கே ஒரு சோலை நாற்று முளைத்திருந்தால் அதன் தளிருக்குள் இருக்கும் நீர் உறைந்து, வெயில் ஏறியதும் இலை கருகிவிடும். மரக்கூரையின் கீழே வெப்பம் தங்குவதால் சோலைக்குள் இருக்கும் நாற்று பிழைத்துக்கொள்ளும். புல்லின் கதை வேறு. அதன் வளர்நுனி தரையோடு ஒட்டி, பழைய தாள்களுக்குள் மறைந்திருக்கிறது. மேலே உள்ள தாள் கருகினாலும் முதல் கோடை மழைக்கு மறுபடி துளிர்த்துவிடும். மேய்ச்சலையும், அவ்வப்போது வரும் தீயையும் புல் தாங்குவது இதே காரணத்தால்தான்.

யாரோ காட்டை அழித்ததால்தான் இந்தப் புல்வெளி உண்டாகியிருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். நீலகிரிச் சதுப்புகளின் கறுத்த மட்கை அடுக்கடுக்காக எடுத்து, அதில் புதைந்திருந்த மகரந்தத்தையும் கரிமத்தையும் ஆராய்ந்தபோது அது சரியல்ல என்று தெரிந்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. உலகம் குளிர்ந்து வறண்ட காலங்களில் புல்வெளி விரிந்திருக்கிறது. ஈரம் கூடிய காலங்களில் சோலை விரிந்திருக்கிறது. மனிதக் கோடரி மலைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டும் அருகருகே வாழ்ந்திருக்கின்றன.

புல்வெளியை மட்டுமே நம்பி வாழும் உயிர்கள் பல. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாடு மேய்வது இங்கேதான். ஆபத்து வந்தால் அருகிலுள்ள பாறைச் செங்குத்துக்கு ஏறிவிடும். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் பதிவாயின. முக்குருத்தி, ஆனைமலையின் புல்மலை போன்ற இடங்களில் புல்வெளி மிஞ்சியிருப்பதால்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. தரையில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கும் திறந்த புல்வெளிதான் வீடு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் சோலைக்குள் பூப்பதில்லை, புல் சரிவில்தான் பூக்கிறது. 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். ஒருமுறை பூத்து விதை விட்டதும் அந்தச் செடி பட்டுப்போகும். அடுத்த தலைமுறை முளைப்பதற்குச் சரிவில் புல் நிலம் மிஞ்சியிருக்க வேண்டும்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களுடைய எருமைகள் பல நூற்றாண்டுகளாக இந்தப் புல்லில்தான் மேய்ந்தன. மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளில் கோயில் கூரை வேய்வதற்கு உரிய புல் சதுப்பை ஒட்டி விளைகிறது. இவ்வளவு இருந்தும் அரசுப் பதிவேடுகளில் இந்த நிலம் நெடுங்காலம் தரிசாகவே எழுதப்பட்டது.

கிளென்மார்கன் சொன்ன தண்ணீர்க் கணக்கு

மரம் அதிகமானால் தண்ணீரும் அதிகமாகும் என்பது நம் பொது நம்பிக்கை. மலைப் புல்வெளியில் அந்த நம்பிக்கை பலிப்பதில்லை. அதை அளந்து காட்டியது நீலகிரியிலேயே நடந்த ஓர் ஆய்வு.

உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் கிளென்மார்கன் பகுதியில் ஒன்றையொன்று ஒத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றொன்றில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். கற்பூர மரம் என்று மலையில் சொல்வது யூகலிப்டஸைத்தான். இரண்டு ஓடைகளிலும் வந்த நீரை ஆண்டுதோறும் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் கற்பூர மரம் நட்ட ஓடையின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் இழப்பு 25 விழுக்காட்டை எட்டியது.

காரணம் எளிது. கோடை வந்ததும் புல் காய்ந்து ஓய்ந்துவிடுகிறது. அப்போது மண்ணிலிருந்து அது எடுக்கும் நீர் மிகக் குறைவு. மிச்சமெல்லாம் ஓடைக்குப் போகிறது. கற்பூர மரமோ ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கிறது. வேரை ஆழத்துக்கு விட்டு, புல் தொடாத ஈரத்தையும் இழுத்து இலைவழியே ஆவியாக்குகிறது. நமக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் இந்த இழப்பு உறைக்கிறது.

மூன்றாவது உறுப்பான சதுப்பைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சரிவுகளிலிருந்து கசியும் நீர் தாழ்வில் சேர்ந்து, கறுத்த மட்கு நிலத்தில் ஊறி, மிக மெதுவாக ஓடையில் இறங்குகிறது. இந்தச் சதுப்பின் குறுக்கே ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த ஈரம் சில பருவங்களில் வடிந்துவிடும். மலையில் காய்கறி பயிரிடவும் கட்டடம் எழுப்பவும் முதலில் பலியானவை சமமாகக் கிடந்த இந்தத் தாழ்நிலங்கள்தான்.

இவ்வளவு மரம் எப்படி வந்தது?

கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிய பிறகு உதகை வேகமாக வளர்ந்தது. குளிருக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்தது. அதற்காகச் சோலைகள் வெட்டப்பட்டன. அவை தீர்ந்துவிடும் என்ற அச்சம் வந்தபோது, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1830கள், 1840களில் சீகை எனப்படும் வாட்டில் மரமும் கற்பூர மரமும் இப்படித்தான் நீலகிரி மண்ணில் இறங்கின. சோலையைக் காப்பாற்றும் எண்ணமும் அதில் இருந்தது. ஆனால் அவற்றை நட்ட இடம் புல்வெளி.

விடுதலைக்குப் பிறகு அந்த வேலை பலமடங்கு பெருகியது. தோல் பதனிடச் சீகைப் பட்டை தேவைப்பட்டது. செயற்கைப் பட்டுக்கும் காகிதத்துக்கும் கூழ்மரம் தேவைப்பட்டது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகள் வரிசை வரிசையாகச் சீகை, கற்பூர மரம், பைன் தோட்டங்களாயின. தேயிலையும் விரிந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு வாழ்வளிக்க அரசே நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் ஒரு தேவை இருந்தது. ஆனால் அந்தத் தேவைக்காக எதைக் கொடுக்கிறோம் என்ற கணக்கை யாரும் போடவில்லை.

இன்று அந்தக் கணக்கு நம் கையில் இருக்கிறது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி, 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கிருந்த புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. அந்த இடத்தில் மரத்தோட்டமும் விவசாயமும் வந்திருக்கின்றன. மேலேயிருந்து பார்த்தால் பச்சை கூடியிருக்கிறது. ஆனால் மலைக்காடு குறைந்திருக்கிறது.

நட்டது நட்ட இடத்தில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. சீகை அப்படி நிற்பதில்லை. அதன் விதைக்குக் கெட்டியான தோல் உண்டு. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீ பட்டாலோ, மண் கிளறப்பட்டாலோ ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் இனம் என்பதால், வளம் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லை அது ஓரங்கட்டிவிடுகிறது. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற மஞ்சள் பூப் புதர்களும் நீலகிரிப் புல்வெளியை மூடி வருகின்றன. இலங்கையின் ஹோர்டன் சமவெளியும் இதே துன்பத்தில் இருக்கிறது. மேகக்காடும் புல்வெளியும் கலந்த அந்த உச்சி நிலத்திலிருந்துதான் மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்குத் தண்ணீர் போகிறது. அங்கேயும் கோர்ஸ் புதரை வேரோடு பிடுங்குவது ஓயாத வேலையாக இருக்கிறது.

வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

அந்நிய மரம்தானே பிரச்சினை, எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடலாம் என்று தோன்றும். நீதிமன்ற வழக்குகளிலும் பொதுவெளியிலும் இந்தக் குரல் பலமாக ஒலித்திருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசும் 2022இல் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. நோக்கம் சரியானது. ஆனால் செய்முறையில் பொறுமை இல்லாவிட்டால் நன்மையைவிடக் கேடே அதிகம்.

ஒரு சரிவில் நிற்கும் சீகைத் தோட்டத்தை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் என்ன நடக்கும்? வெயில் தரையில் விழும். மண்ணில் உறங்கிய சீகை விதைகள் மொத்தமாக எழும். இரண்டு மழைக்குள் மரத்தோட்டம் இருந்த இடத்தில் மனிதர் நுழைய முடியாத சீகைப் புதர் நிற்கும். சரிவு செங்குத்தாக இருந்தால் மேல்மண்ணும் போய்விடும்.

கொடைக்கானலில் வேறொன்றும் தெரியவந்தது. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கிய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் பல ஆண்டுகள் சோலை நாற்றுகளை வளர்த்து நட்டவர்கள். அந்த மலையின் பழைய மரத்தோட்டங்கள் சிலவற்றுக்குள், அருகே தாய்ச்சோலை இருந்தால், சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருவதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். வளர்ந்த சீகையும் பைனும் நிழல் தருகின்றன. உறைபனியைத் தடுக்கின்றன. பறவை எச்சத்தில் விழுந்த சோலை விதைக்கு அதுவே போதுமான தொடக்கம். அப்படிப்பட்ட இடத்தில் மேல்மரத்தை மொத்தமாக வெட்டுவது, கீழே வரும் சோலையையும் சேர்த்து வெட்டுவதாகும்.

ஆகவே ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு வழிகாட்டும் ஒழுங்கு ஒன்று உண்டு.

முதலில், கெடாமல் மிஞ்சியிருப்பதைக் காப்பது. அழிந்த புல்வெளியை மீட்க ஆகும் செலவில் சிறு பங்கு போதும், இருக்கும் புல்வெளியைக் காக்க. நல்ல புல்வெளிக்குள் நுழையத் தொடங்கியிருக்கும் முழங்கால் உயரச் சீகைக் கன்றுகளை மழைக்குப் பிறகு, மண் இளகியிருக்கும்போது, வேரோடு கையாலேயே பிடுங்கிவிடலாம். ஐந்து ஆண்டு தாமதித்தால் அதே வேலைக்கு அரிவாளும் ரம்பமும் தேவைப்படும்.

அடுத்தது, புல்வெளியாக இருந்த இடத்தில் நிற்கும் தோட்டங்களைப் பகுதி பகுதியாக அகற்றுவது. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போக வேண்டும். கனரக இயந்திரம் இறக்கக் கூடாது. வேர்களைத் தோண்டாமல் மண்ணைப் பிடிக்க விட வேண்டும். வெட்டிய கிளைகளைச் சரிவின் குறுக்கே வரிசையாகப் போட்டால் மண் அரிப்பு குறையும். பிறகு மலைப்புல்லைத் தூராகப் பிரித்து நட வேண்டும். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் வந்து முளைத்த சீகையைப் பிடுங்க வேண்டும். விதை பல பத்தாண்டு உறங்கும் என்றால் பராமரிப்பும் அவ்வளவு காலம் தொடர வேண்டும்.

சோலையை ஒட்டிய தோட்டங்களில் கைவைக்கும் முறை வேறு. அங்கே மேல்மரத்தை அவ்வப்போது சிறிது கலைத்து, வெளிச்சத்தை அளவோடு உள்ளே விட்டு, சோலைக் கன்றுகளுக்கு வழிவிட வேண்டும். சில மரங்களைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் அவை நின்றபடியே மெதுவாகப் பட்டுப்போகும், நிழலும் ஒரேயடியாகப் போகாது. தாய்ச்சோலை தொலைவில் இருக்கும் இடத்தில்தான் நாற்று வளர்த்து நடும் தேவை வருகிறது. சோலை மர விதைகள் பலவற்றை நெடுநாள் சேமித்து வைக்க முடியாது. பழம் கனியும் பருவத்தில் சேகரித்து உடனே விதைக்க வேண்டும். நாற்றங்காலில் பொறுமையாக வளர்க்க வேண்டும். ஒரு சோலையிலிருந்து எடுத்ததை அதே மலையின் அதே உயரத்தில் நடுவதுதான் நல்லது.

நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவழித்துக் கணக்கு முடிக்கும் திட்டத்துக்குள் இந்த வேலை அடங்காது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒரே இடத்தில் ஒரே கூட்டத்தார் வேலை செய்ய வேண்டும். எத்தனை மரம் வெட்டினோம், எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையைவிட, ஏப்ரல் மாதத்தில் ஓடையில் எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு நிலத்தில் மலைப்புல் திரும்பியிருக்கிறது என்பவைதான் வெற்றிக்குச் சரியான அளவுகோல்.

ஊர் காத்த ஒரு சோலை

கோத்தகிரிக்கு அருகே லாங்வுட் சோலை இருக்கிறது. பரப்பு சுமார் 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலைத் தோட்டமும் ஊர்களும். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் நெருக்கடி வரக்கூடிய எல்லாக் காரணமும் இருந்தன. உள்ளூர் மக்கள் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து வனத்துறையோடு நின்றதால் அது பிழைத்தது. இன்றும் அதன் கசிவுநீரைக் கீழேயுள்ள பல கிராமங்கள் குடிக்கின்றன. 2024 ஜனவரியில் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஏரியும் கழிமுகமும் நிறைந்த பட்டியலில் ஒரு மலைச்சோலை இடம்பெற்றது, அது தண்ணீரைச் சேர்த்துவைக்கும் நிலம் என்பதற்கான ஒப்புதல்.

அந்தச் சோலை மீண்டதற்கு, தண்ணீர் குடிக்கும் ஊருக்கும் தண்ணீர் தரும் காட்டுக்கும் உள்ள தொடர்பை அந்த ஊரே கண்ணால் பார்க்க முடிந்தது ஒரு முக்கியக் காரணம். கோவையிலும் ஈரோட்டிலும் இருப்பவர்களுக்கு அந்தத் தொடர்பு தெரிவதில்லை. பலனைக் கீழே இருப்பவர்கள் பெறும்போது, காக்கும் செலவை மலையில் இருப்பவர்கள் மட்டும் சுமப்பது நியாயமில்லை.

மக்களை விலக்கிவிட்டு முடியாது

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் நீலகிரியில் வாழ்கிறார்கள். எந்தச் சரிவில் எந்தப் புல் விளையும், எந்த ஊற்று எப்போது வற்றும், எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதை அவர்கள் தலைமுறையாக அறிவார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் உரிமையோடு, காட்டைக் காத்துப் பராமரிக்கும் உரிமையையும் கிராம சபைக்குத் தருகிறது. அந்த உரிமையை நடைமுறையில் தந்தால் மலைக்காட்டுக்கு மிகச் சிறந்த காவலர்கள் கிடைப்பார்கள்.

தோடர்கள் கோடையில் புல்வெளியைச் சிறு சிறு பகுதியாக எரிப்பது வழக்கமாக இருந்தது. மேய்ச்சலுக்குப் புதுத் துளிர் கிடைப்பதற்காகச் செய்தது அது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து அது தடுக்கப்பட்டது. எரியாமல் பல ஆண்டு சேர்ந்த காய்ந்த புல்லிலும் அந்நிய மரங்களிலும் தீப் பிடித்தால் அது கட்டுக்கடங்காது. எங்கே, எப்போது, எவ்வளவு எரிக்கலாம் என்பதை அந்த அனுபவம் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும்.

சீகை மரம் மலை ஏழைகளுக்கு விறகு என்பதையும் மறக்கக் கூடாது. தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்ணுக்கு மாற்று எரிபொருள் உறுதியாகக் கிடைக்காதபோது, சீகை போனால் அவர் சோலைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அகற்றும் மரத்தை முதலில் சுற்றியுள்ள ஊர்களின் விறகுத் தேவைக்குத் தருவதும், களை பிடுங்கும் வேலையை அந்த ஊர் மக்களுக்கே நல்ல கூலியோடு தருவதும் காட்டைக் காக்கும் வேலையின் பகுதிதான். குளிரிலும் மழையிலும் புல்மேடுகளில் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நிலையான சம்பளம் தருவதும் அப்படித்தான்.

மாறிவரும் மழை

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளே மண்ணுக்குள் போயின. குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை இனி இன்னும் அடிக்கடி வரும்.

சோலை வேர்களும் புல்லின் அடர்ந்த வேர்ப்பின்னலும் மேல்மண்ணைப் பிடித்து, சிறு சரிவுகளைத் தடுக்கும். ஆனால் அளவு கடந்த மழையில் காடு உள்ள செங்குத்துச் சரிவும் சரியலாம். காடு இருக்கிறது என்ற துணிச்சலில் ஓடைப் பாதையில் வீடு கட்டுவதும், சரிவின் அடியைச் சாலைக்காகவும் விடுதிக்காகவும் வெட்டுவதும் உயிருக்கு ஆபத்து. காட்டைக் காப்பதும் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றாகச் செல்ல வேண்டியவை.

வெப்பம் கூடக்கூட இன்னொரு ஆபத்தும் நெருங்குகிறது. உறைபனி இரவுகள் குறைந்தால், இதுவரை புல்வெளிக்குள் நுழையத் தயங்கிய மரங்களுக்கு, குறிப்பாக அந்நிய மரங்களுக்கு, வழி திறந்துவிடும். சமவெளி உயிர்கள் வெப்பம் தாங்காமல் மேலே ஏறலாம். உச்சியில் இருக்கும் உயிர்களுக்கு ஏறுவதற்கு இடம் இல்லை.

நம் பங்கு

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகன நெரிசலால் 2024 மே முதல் இ-பாஸ் முறையே வந்துவிட்டது. அங்கே போகிற ஒவ்வொருவரும் புல்வெளிக்குள் வண்டியை இறக்காமல் இருக்கலாம். காய்ந்த புல்லருகே தீ மூட்டாமல் இருக்கலாம். மலைச் சரிவை வெட்டி எழுப்பிய விடுதியில் தங்காமல் இருக்கலாம். மலையில் நிலம் உள்ளவர்கள் தங்கள் நிலத்திலுள்ள சதுப்பை வடிக்காமல் விடலாம். காய்கறி பயிரிடுபவர்கள் சரிவின் குறுக்கே மேடையமைத்து மண்ணைக் காக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மரம் நடுவதைப் பற்றிய நம் எண்ணம் மாற வேண்டும். சமவெளியில், சாலையோரத்தில், ஊர்ப் பொதுநிலத்தில் மரம் நடுவது நல்ல காரியம். மலைப் புல்வெளியில் மரம் நடுவது அந்த மலையின் பாதிக் காட்டை அழிப்பது. மலையில் லட்சம் மரக்கன்று நடுகிறோம் என்று ஒரு நிறுவனமோ அமைப்போ உங்களிடம் நன்கொடை கேட்டால், பணம் தருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் இதற்கு முன் என்ன இருந்தது? நடப்போவது அந்த மலையின் மரமா? பத்து ஆண்டு கழித்து அங்கே போய்ப் பார்ப்பது யார்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவர்களுக்கு மனமாரக் கொடுங்கள். பதில் இல்லை என்றால், அந்தப் பணத்தை இருக்கும் புல்வெளியில் சீகைக் கன்று பிடுங்குபவர்களின் கூலிக்குக் கொடுங்கள். அடுத்த கோடையில் பவானிக்கு வரும் தண்ணீருக்கு அது செய்யும் நன்மை பெரிது.